இடையில் நான்கு ஆண்டுகள்

பிறை என்னும் சொல்லைக் கேட்டாலே நம் இல்லங்களில் ஒரு மலர்ச்சி பிறக்கும். ஷஃபான் மாதத்தின் 29ஆம் நாள் மாலையில் மாடிகளிலும் கடற்கரைகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் மேற்கு வானை நோக்கி நிற்கும் கண்கள்தாம் எத்தனை! ‘அதோ!’ என்று முதலில் கைநீட்டும் பெருமைக்காகச் சின்னஞ்சிறு பிள்ளைகள் போட்டியிடுவர். நகக்கீற்றுப் போல் ஒளிரும் அப்பிறையை ஒட்டி இருண்டு கிடக்கும் பெரும்பரப்பில், தென்முனைக்கு அருகே ஓரிடத்தில், நம் நாட்டுக் கலமொன்று அசைவற்று நின்றுகொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் அங்கே இறங்கிய ‘விக்ரம்’ என்னும் இறங்குகலமே அது. சந்திரயான்-3 திட்டத்தின் பயனாக நிலவை அடைந்த கலம்.

அந்த வெற்றியை நாடே கொண்டாடியதை வாசகர்கள் நன்கறிவர். ஆனால் அவ்வெற்றிக்கு முன்னால் ஒரு வீழ்ச்சி இருந்தது. வீழ்ச்சிக்கும் வெற்றிக்கும் இடையே நான்கு ஆண்டுகள் இருந்தன. இம்மாதம் இப்பகுதியில் நாம் பேச விழைவது அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றியே. வென்றவரைப் பாராட்ட எவரும் முன்வருவர். தோற்றவரை என்ன செய்வது என்பதுதான் ஒவ்வொரு குடும்பத்திலும் என்றேனும் ஒரு நாள் வந்து நிற்கும் கேள்வி.

மனிதனுக்கு முன் சென்ற தூதர்கள்

1969இல் மனிதன் நிலவில் கால் பதித்தான் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அவனுக்குப் பத்தாண்டுகள் முன்பே ஆளில்லா இயந்திரங்கள் அங்கே போகத் தொடங்கிவிட்டன. 1959ஆம் ஆண்டு செப்டம்பரில் சோவியத் நாட்டின் லூனா-2 நிலவில் மோதிச் சிதறியது. மனிதன் செய்த பொருள்களில் முதன்முதல் நிலவைத் தொட்டது அதுவே. அடுத்த மாதமே லூனா-3 நிலவைச் சுற்றிச் சென்று, பூமியிலிருந்து எவரும் கண்டிராத அதன் மறுபக்கத்தைப் படமெடுத்து அனுப்பியது.

அமெரிக்காவின் ‘ரேஞ்சர்’ கலங்களின் வரலாறு கேட்கத்தக்கது. நிலவில் மோதும் முன் படமெடுத்து அனுப்புவதே அவற்றின் பணி. முதல் ஆறு கலங்களும் தோற்றன. ஆறாவது கலம் 1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறிதவறாமல் நிலவை அடைந்தும், அதன் படக்கருவிகள் வேலை செய்யவில்லை. அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சென்ற ஏழாவது கலம் 4,300க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. ஆறு தோல்விக்குப் பின் ‘போதும்’ என்று கைவிட்டிருந்தால், ஐந்தே ஆண்டுகளில் மனிதன் அங்கே சென்றிருக்க இயலுமா?

மோதாமல் மெதுவாக இறங்கிய முதற்கலம் சோவியத்தின் லூனா-9. அதன் நாள் 1966 பிப்ரவரி 3. பல கலங்களை அடுத்தடுத்து இழந்த பின்னரே அந்நாட்டினருக்கு அவ்வெற்றி கிட்டியது. நிலவின் மேல் ஆழ்ந்த புழுதிப் படலம் இருக்கும், இறங்கும் கலத்தை அது விழுங்கிவிடும் என்று அறிஞர் சிலர் அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தை லூனா-9 போக்கியது. 1970இல் லூனா-16 நிலவின் மண்ணில் 101 கிராமை அள்ளிக்கொண்டு பூமிக்குத் திரும்பியது. அவ்வாண்டு நவம்பரில் இறங்கிய ‘லூனக்கோது-1’ என்னும் எட்டுச் சக்கர ஊர்தியைப் பூமியிலிருந்தே வானொலி அலைகளால் ஓட்டினர். பத்து கிலோமீட்டருக்கும் மேல் அது நிலவில் ஓடியது. 1976இல் சென்ற லூனா-24க்குப் பின், 37 ஆண்டுகள் எந்தக் கலமும் நிலவில் மெதுவாக இறங்கவில்லை. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் சீனாவின் சாங்கே-3தான் அந்த நீண்ட இடைவெளியை முடித்துவைத்தது.

இறங்குவது ஏன் கடினம்?

நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கே போவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு. பூமிக்குத் திரும்பும் கலத்தைக் காற்று தடுத்து நிறுத்த உதவுகிறது. குடை விரித்து மெல்ல இறங்கலாம். நிலவிலோ காற்றில்லை, குடை விரித்துப் பயனில்லை. கலத்தின் வேகம் முழுவதையும் அதன் எஞ்சின்களே எதிர்த்திசையில் உந்தி அடக்க வேண்டும்.

அந்த வேகமும் சிறிதன்று. ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில் இறக்கம் தொடங்கும்போது கலம் வினாடிக்கு 1,680 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும். சற்றொப்ப 19 நிமிடங்களில் அவ்வேகம் அனைத்தும் அடங்கி, மாடிப்படியில் இறங்குபவரைப் போல் அது தரையைத் தொட வேண்டும். எஞ்சின் சற்றே மிகையாக உந்தினாலும் தீங்கு, குறைவாக உந்தினாலும் தீங்கு.

பூமியில் இருப்பவர் ஏன் கைகொடுக்கக் கூடாது என்று கேட்கலாம். நிலவிலிருந்து புறப்படும் வானொலிச் செய்தி பூமியை அடைய ஒன்றேகால் வினாடிக்கு மேலாகும். நாம் அனுப்பும் பதில் திரும்பச் செல்ல மீண்டும் அவ்வளவு நேரம். வழிதவறியதை நாம் அறிந்து ‘திரும்பு’ என்று கட்டளையிடுவதற்குள் கலம் சில கிலோமீட்டர் கடந்திருக்கும். ஆகவே இறங்கும் அந்த நிமிடங்களில் கலம் தானே பார்த்து, தானே கணக்கிட்டு, தானே முடிவு செய்ய வேண்டும். அதை உருவாக்கியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிள்ளையைத் தேர்வு மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு வாயிலில் நிற்கும் தாயின் நிலைதான் அவர்களுடையது.

முதற் பயணமும் ஈரமும்

நம் நாட்டின் முதல் நிலவுக் கலம் சந்திரயான்-1. அது 2008ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்றவர். நிலவைச் சுற்றி வருவதே முதலில் திட்டம். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், அத்தனை தொலைவு செல்லும் கலம் நிலவின் தரையையும் தொட வேண்டும் என்று எடுத்துரைத்ததாக இஸ்ரோ அறிஞர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். அதன்படியே நாட்டின் கொடி தீட்டப்பட்ட சிறிய பெட்டி போன்ற மோதுகலம் ஒன்று 2008 நவம்பர் 14ஆம் நாள் நிலவின் தென்முனைக்கு அருகே விழச் செய்யப்பட்டது.

சந்திரயான்-1 ஈராண்டு உழைக்க வேண்டிய கலம். 312 நாள்களில் அதன் தொடர்பு அறுந்துவிட்டது. ஆயினும் அதற்குள் அது ஆற்றிய பணி பெரிது. அதில் பொருத்தப்பட்டிருந்த நாசாவின் கருவியொன்று நிலவின் மண்ணில் நீரின் சாயலைக் கண்டது. 2009 செப்டம்பரில் அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கிணற்று நீரைப் போலவோ ஆற்று நீரைப் போலவோ அதைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. மண் துகள்களோடு ஒட்டிய மிக நுண்ணிய ஈரம் அது. அதே கருவி தந்த தகவல்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள், முனைப் பகுதியில் என்றுமே வெயில் படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதை 2018இல் வெளியிட்டனர். கலம் வாய்மூடி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் சொல் கேட்டுக்கொண்டிருந்தது என்றே கூறலாம். இன்று பல நாடுகள் நிலவின் தென்முனையை நாடிச் செல்வதற்கு அந்த ஈரமே முதற்காரணம்.

வீழ்ச்சி

அடுத்துச் சென்ற சந்திரயான்-2 நிலவில் இறங்கவும் ஊர்தியை ஓட்டவும் திட்டமிட்டது. திட்ட இயக்குநர் எம். வனிதா, பயண இயக்குநர் ரிது கரிதால் என இரு பெண்மணிகள் அதில் முதன்மைப் பொறுப்பேற்றிருந்தனர். 2019 செப்டம்பர் 7ஆம் நாள் பின்னிரவில் நாடே விழித்திருந்து பார்த்தது. முதற்கட்டம் செம்மையாக நடந்தது. வினாடிக்கு 1,683 மீட்டராக இருந்த வேகம் 146 மீட்டராகக் குறைந்தது. அடுத்த கட்டத்தில் கலம் வகுத்த பாதையை விட்டு விலகியது. பின்னர் செய்தி எதுவும் வரவில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு 500 மீட்டருக்குள் அது வேகமாக விழுந்து சிதறிவிட்டது.

அன்றைய இஸ்ரோ தலைவர் கண்கலங்கியதைத் தொலைக்காட்சியில் கண்டு கலங்காத நெஞ்சம் அரிது. சிதறல்கள் கிடந்த இடத்தைக் காண நாசாவின் சுற்றுகலம் எடுத்த படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சென்னையில் பணிபுரிந்த மென்பொருள் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் தம் ஓய்வு நேரத்தில் அப்படங்களை முன்னைய படங்களோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைக் கண்டுபிடித்து எழுதினார். அது விக்ரமின் சிதறலே என்று 2019 டிசம்பரில் நாசா உறுதி செய்து, அவர் பெயரையும் வெளியிட்டது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு கணினியும் பொறுமையுமே.

நான்கு ஆண்டுகளில் நடந்தவை

வீழ்ச்சியின் காரணங்கள் தொடக்கத்தில் சுருக்கமாகவே சொல்லப்பட்டன. முழு அறிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை என்று குறைகூறியோரும் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் உள்ளுக்குள் ஆய்வு நின்றுவிடவில்லை என்பது பின்னர் தெரிந்தது. 2023 ஜூலையில் அன்றைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் மூன்று காரணங்களை விளக்கினார். கலத்தின் ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட மிகையாக உந்தியதால் சிறுசிறு பிழைகள் சேர்ந்து பெருகிவிட்டன. அவற்றைத் திருத்தக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தபோது, அத்துணை விரைவாகத் திரும்ப மென்பொருள் இடம் தரவில்லை. இறங்குவதற்குக் குறித்திருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அதை எட்டிப் பிடிக்கும் முயற்சியில் கலம் வேகத்தைக் கூட்டியது. ‘இன்னார் செய்த பிழை’ என்று எவர் பெயரும் அங்கே சொல்லப்படவில்லை. பிழை எது என்பதே சொல்லப்பட்டது.

காரணம் தெரிந்தபின் திருத்தம் தொடங்கியது. ஐந்து எஞ்சின்கள் நான்காயின. இறங்கும் இடம் 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமும் உடையதாக விரிந்தது. கால்கள் வலுப்பெற்றன, எரிபொருள் கூடியது, வேகத்தை அளக்கப் புதிய லேசர் கருவி ஒன்று சேர்ந்தது. கருவிகளை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிச் சோதித்தார்கள். எஞ்சின்களை எரியவிட்டுப் பாரந்தூக்கியில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். இவை அனைத்தையும்விட முக்கியமானது சிந்தனையில் நேர்ந்த மாற்றம். ‘எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும்?’ என்று கேட்டுக் கட்டியது பழைய கலம். ‘எவையெவை தவறக்கூடும்? தவறினாலும் எப்படி இறங்கும்?’ என்று கேட்டுக் கட்டியது புதிய கலம்.

இவ்விடத்தில் நம் மண்ணின் பங்கையும் குறிப்பிட வேண்டும். நிலவின் மேட்டுநிலத்தில் அனார்த்தோசைட் என்னும் பாறைவகை மிகுதி. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பகுதியில் கிடைக்கிறது. அப்பாறையை அரைத்து நிலவு மண்ணைப் போன்ற மண் பல பத்து டன் அளவில் உருவாக்கப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் அறிஞர்கள் இப்பணியில் துணைநின்றனர். அம்மண்ணைப் பரப்பித்தான் இறங்குகலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் பெங்களூருவில் சோதித்தார்கள். அயல்நாட்டில் பெரும் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்த பொருள் நம் ஊர்க் கல்லிலேயே கிடைத்தது.

2023 ஆகஸ்ட் மாலை

சந்திரயான்-3 புறப்பட்டது 2023 ஜூலை 14. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகன். பாலிடெக்னிக் பட்டயப் படிப்பில் தொடங்கிச் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை படிப்படியாக உயர்ந்தவர். துணைத் திட்ட இயக்குநர் கல்பனா என்னும் பெண்மணி.

இறங்கும் நாளுக்கு நான்கு நாள்கள் முன்பு, ஆகஸ்ட் 19ஆம் நாள், ரஷ்யாவின் லூனா-25 நிலவில் விழுந்து நொறுங்கியது. 84 வினாடி எரிய வேண்டிய எஞ்சின் 127 வினாடி எரிந்ததே காரணம் என்று அந்நாட்டினர் அறிவித்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ‘ராஷித்’ ஊர்தியைச் சுமந்து சென்ற ஜப்பானியத் தனியார் கலமும் விழுந்திருந்தது. முதன்முதல் நிலவில் இறங்கிக் காட்டிய நாட்டின் வழித்தோன்றல்களே தவறிய வாரத்தில், நம்மவர் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும்!

ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குக் கலம் தரையைத் தொட்டது. தென்முனையை ஒட்டிய அப்பகுதியில் மெதுவாக இறங்கிய முதற்கலம் அதுவே. விழுந்துபோன சந்திரயான்-2இன் ஒரு பகுதியான சுற்றுகலம் 2019 முதல் பழுதின்றி நிலவைச் சுற்றி வந்தது. இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கப் படங்கள் தந்ததும், புதிய கலத்தோடு தொடர்பு பூண்டு துணைநின்றதும் அதுவே. முன்னவர் தோல்வி எனப்பட்டதில் பாதி பின்னவருக்கு விளக்காக நின்றது.

26 கிலோ எடையுள்ள ‘பிரக்யான்’ என்னும் ஆறு சக்கர ஊர்தி நிலவில் 100 மீட்டர் அளவுக்கு ஓடியது. ஒருநாள் அதன் எதிரே மூன்று மீட்டர் தொலைவில் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் தென்பட்டது. பூமியிலிருந்து கட்டளை பெற்று ஊர்தி திரும்பிவந்து வேறு வழியில் சென்றது. மண்ணில் கந்தகம் இருப்பதை அது அங்கேயே சோதித்து உறுதிப்படுத்தியது. இறங்குகலம் மண்ணுக்குள் செலுத்திய வெப்பமானியோ வியக்கத்தக்க செய்தி தந்தது. மேலே 50 பாகை செல்சியசுக்கும் மிகுந்த வெப்பம். எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்கும் கீழான குளிர்! ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் கோடையும் கடுங்குளிரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றன. நிலவின் மண் வெப்பத்தை உள்ளே விடாத போர்வை போன்றது என்பதை இது காட்டுகிறது.

நிலவில் பகல் நம் கணக்கில் 14 நாள். இரவும் அவ்வளவே. அந்த ஒரு பகலுக்கென்றே செய்யப்பட்ட கலமும் ஊர்தியும் செப்டம்பர் தொடக்கத்தில் உறக்கத்தில் ஆழ்த்தப்பட்டன. கடுங்குளிர் இரவுக்குப் பின் அவை எழவில்லை. தமக்கிட்ட பணியை முழுதும் முடித்துவிட்டே அவை உறங்கின.

ஏழை நாட்டுக்கு இது தேவையா?

சாலையும் குடிநீரும் இல்லாத ஊர்கள் இருக்க, நிலவுக்குப் பணம் செலவிடலாமா என்று நம் தாய்மார்களும் பெரியோரும் கேட்பதுண்டு. அது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. சந்திரயான்-3க்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய் என்பர். 140 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு நான்கரை ரூபாய்கூட ஆகாது. ஒரு குவளைத் தேநீர் விலைக்கும் குறைவு. அப்பணம் மிஞ்சியிருந்தால் குடிநீராக மாறியிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இந்தக் கலைகளைக் கற்ற கைகளே வானிலைச் செயற்கைக்கோள்களையும் செய்கின்றன. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013இல் அதே கரையைக் கடும்புயல் தாக்கியபோது, முன்னறிந்து இலட்சக்கணக்கானோரை வெளியேற்றியதால் உயிரிழப்பு பத்துக் கணக்கில் நின்றது. கடலை நம்பி வாழும் கரையோர மக்களுக்கு இதன் அருமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் நிலவுக்குக் கலம் அனுப்பும் அரசிடம் ‘எங்கள் தெருவுக்குக் குடிநீர் எங்கே?’ என்று கேட்கும் உரிமை நமக்குக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அதைச் செய்ய முடிந்தவர்களால் இதையும் செய்ய முடியும் அன்றோ?

நிலாப்படத்தில் சில பெயர்கள்

நிலவின் வட்டப் பள்ளங்களுக்கு அறிஞர் பெயர்கள் சூட்டும் வழக்கத்துக்கு 1651இல் இத்தாலியின் ரிச்சோலி வெளியிட்ட நிலாப்படம் அடிப்படையாயிற்று. அல்-பத்தானி, அல்-ஃபர்கானி, அல்-சூஃபி, அல்-சர்காலி, இப்னு அல்-ஹைதம் ஆகியோர் பெயர்கள் இலத்தீன் வடிவம் பூண்டு இன்றும் நிலாப்படத்தில் விளங்குகின்றன. அல்-பிரூனியின் பெயர் நிலவின் மறுபக்கத்துப் பள்ளமொன்றுக்கு உரியது.

இதைக் கேட்டுப் பெருமைப்படுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவர்கள் எதனால் பெயர் பெற்றனர் என்பதை எண்ணுவதில்லை. அல்-பத்தானி வானைத் தாமே பல்லாண்டு அளந்து, தாலமியின் பழைய கணக்குகளைத் திருத்தினார். இப்னு அல்-ஹைதம் தாலமியின் நூல்களில் தமக்கு எழுந்த ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். பெரியவர் சொன்னார் என்பதற்காகப் பிழையை மூடிமறைக்காமல், பிழை எங்கே என்று தேடியவர்கள் அவர்கள். அந்தப் பண்பைக் கைவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொள்வதில் என்ன சிறப்பு இருக்கிறது?

நம் இல்லத்துக்கு ஒரு பாடம்

1979ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முறை ஏவப்பட்டு வங்கக் கடலில் விழுந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். அன்று செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18இல் அதே ராக்கெட் வெற்றி பெற்றபோது, செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாம் அவர்களையே அனுப்பிவைத்தார். தோல்வியைத் தலைவர் ஏற்றார், வெற்றியை இளையவருக்குக் கொடுத்தார் என்று கலாம் அவர்கள் வாழ்நாள் முழுதும் சொல்லி நெகிழ்ந்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பொதுத்தேர்வில் பிள்ளை ஒரு தாளில் தவறிவிட்டால், ‘உனக்குப் படிப்பு வராது’ என்று அன்றே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மகனாயின் மாமாவின் கடைக்கோ, பாஸ்போர்ட் எடுத்து அக்கரைக்கோ அனுப்ப ஆயத்தமாகிறோம். மகளாயின் ‘இதுவரை படித்தது போதும்’ என்கிறோம். எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில், எதனால் தவறினாள் என்று உட்கார்ந்து பார்த்த வாப்பாமார் எத்தனை பேர்? மறுதேர்வு சில வாரங்களில் வருகிறது என்பதையேனும் விசாரித்த உம்மாமார் எத்தனை பேர்? உறவினர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே நம் முதற் கவலையாகிவிடுகிறது.

615 கோடி ரூபாய்க் கலத்தை மீண்டும் கட்டுமுன், விழுந்த கலத்தின் ஒவ்வொரு வினாடியையும் எடுத்துவைத்து ஆராய்ந்தார்கள். நம் பிள்ளையின் ஒரு விடைத்தாளை எடுத்துவைத்து ஆராய நமக்கு ஒரு மாலைப்பொழுது போதும். குறித்த இடம் குறுகலாக இருந்ததை உணர்ந்து அதை விரிவாக்கினார்கள். மருத்துவம் அல்லது பொறியியல் என்று நாம் பிள்ளைக்குக் குறித்துவைத்த இடமும் 500 மீட்டர் சதுரமாகத்தான் இருக்கிறதோ என்று நாமும் எண்ணிப் பார்க்கலாம். பட்டயப் படிப்பில் தொடங்கியவர் நிலவுக்குக் கலம் அனுப்பினார் என்பது நம் கண்முன் நடந்த செய்தி.

நிலவின் கல்லையும் மண்ணையும் எடுத்துவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஜப்பானோடு கூட்டாக நிலவில் இறங்கும் திட்டத்துக்கு 2025இல் ஒப்புதல் கிடைத்தது. அவற்றில் பணியாற்றப் போகும் இளைஞர் பலர் இன்று எங்கோ ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கக் கூடும். அவர்களில் ஒருவர் இவ்வாண்டு ஏதோ ஒரு தாளில் தவறியவராகவும் இருக்கலாம். அப்பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் சோறு போடுங்கள். பிறகு விடைத்தாளைக் கேளுங்கள்.